குளிர்ப் பக்கத்துல வெளியூர்ச் செடி: வாங்குறதுக்கு முன்னால இருந்து உறைபனி முடியிற வரைக்கும்

நுவரெலியா, கந்தப்பளை, ராகலை, அக்கரப்பத்தனை, பட்டிப்பொல மாதிரி குளிர் கூடின இடத்துல இருக்கிறவங்க வீட்டைச் சுத்தி அந்தூரியம், ஓர்க்கிட், வாழை, பேர்ட் ஒஃப் பரடைஸ், கள்ளிவகை எல்லாம் வைக்கணும்னு ஆசைப்பட்டு வாங்குறாங்க, ஆடி மாசம் போய்ப் பார்த்தா வெறும் சட்டிதான் இருக்கும். "குளிருக்கு செத்துப்போச்சு"ன்னு சொல்லுவாங்க. சட்டியைக் கவுத்து வேரைப் பார்த்தா முக்கால்வாசி செடி குளிருக்கு சாகல, ஈரத்துல கால் அழுகித்தான் செத்திருக்கும். 12 டிகிரியில ஈர மண்ணுல அழுகிற அதே கள்ளி, மண்ணு காய்ஞ்சு இருந்தா 5 டிகிரியையும் தாங்கும். இதை மனசுல வச்சுக்கிட்டுத்தான் கீழ உள்ள வரிசையை எழுதுறேன். வரிசையை மாத்தாதீங்க, ஏன்னா எல்லாரும் செய்யிறது முதல்ல செடி வாங்குறது, பிறகுதான் இடம் தேடுறது. அது தலைகீழ்.

0. கையில இருக்க வேண்டியது

பெரிய சாமான் ஒண்ணும் வேணாம். கூடின வெப்பம், குறைஞ்ச வெப்பம் ரெண்டையும் பதிஞ்சு வைக்கிற தெர்மாமீட்டர் ஒண்ணு (கிடைக்கலன்னா கீழ ஒரு வழி சொல்றேன்), மண்வெட்டி, மண்ணு கிளறுற முள்ளு, பழைய உர பேக் பத்துப் பதினஞ்சு, மூங்கில் கம்பு, யூவி பொலித்தீன் கொஞ்சம், தும்புத்தூள், அடுப்புக்கரி, உடைஞ்ச செங்கல். கூட ஒரு கொப்பியும் பேனாவும். கொப்பியை எல்லாரும் விட்டுருவாங்க, ஆனா எந்தத் திகதியில எவ்வளவு குளிர் போச்சு, எந்த மூலையில தண்ணி நின்னுச்சுன்னு ஒரு வருஷம் எழுதி வச்சா அடுத்த வருஷம் பாதி செடிக் காசு மிச்சம்.

1. செடிக்கு முன்னால தோட்டத்தைப் படிங்க

ஒரே ஊர்ல, ஒரே வீட்டுலயே ரெண்டு மூணு காலநிலை இருக்கு. ஆயிரம் மீட்டர் ஏறினா கிட்டத்தட்ட ஆறரை டிகிரி குறையும், அதனாலதான் கொழும்புல 28 டிகிரி இருக்கிற நேரம் 1,868 மீட்டர்ல இருக்கிற நுவரெலியாவுல 16ஐச் சுத்தி நிக்குது. இது ஊருக்கு ஊர் கணக்கு. வீட்டுக்குள்ள கணக்கு வேற.

குளிர் காத்து தண்ணி மாதிரி. பாரம் கூடினது, ராத்திரி சரிவுல இறங்கி ஓடி பள்ளத்துல போய்த் தேங்கும். உங்க தோட்டத்தோட கீழ் ஓரத்துல மதிலோ நெருக்கமான வேலியோ இருந்தா அது அணைக்கட்டு மாதிரி குளிரைப் பிடிச்சு வச்சுக்கும், அந்த இடத்துல வைக்கிற செடிதான் தை மாசம் முதல்ல கருகும். வேலியோட அடியில ஒரு அடி ரெண்டு அடி இடைவெளி விட்டீங்கன்னா குளிர் வழிஞ்சு போயிரும். எங்க வீட்டுல வேலிக்குக் கீழ இருந்த பழைய தகரத்தைக் கழட்டினதுக்கு அப்புறம்தான் அந்த மூலையில ஃபுக்‌ஷியா தப்பிச்சுது.

தெர்மாமீட்டர் இல்லாட்டி தையில, இல்லன்னா மாசியில, வானம் தெளிஞ்ச ராத்திரி நாலஞ்சு தட்டுல மெல்லிசா தண்ணி ஊத்தி வேற வேற இடத்துல தரையில வச்சிருங்க, விடியக்காலையில வெயில் வர்றதுக்கு முன்னால போய்ப் பாருங்க. எதுல மேல ஐஸ் படிஞ்சிருக்கோ அது ஆபத்தான இடம். எதுல படியலயோ, பொதுவா சுவர் ஓரம், இஸ்தோப்புக்கு முன்னால, பெரிய மரத்துக்குக் கீழ, அதுதான் உங்க நல்ல இடம். தெர்மாமீட்டர் இருந்தாலும் அதை நெஞ்சு உயரத்துல மாட்டி "3 டிகிரி காட்டுது, உறையல"ன்னு நினைக்காதீங்க, அதே நேரம் புல்லு மேல பூச்சியத்துக்குக் கீழ போயிருக்கும். சின்னச் செடி இருக்கிறது புல்லு உயரத்துலதான்.

இன்னொண்ணு கிழக்கு வெயில். காலை வெயில் நல்லதுன்னு எல்லாரும் சொல்லுவாங்க, சாதாரண நாள்ல சரிதான், ஆனா உறைஞ்ச இலையில சட்டுன்னு வெயில் பட்டு வேகமா உருகினா இலையோட உயிரணு கிழிஞ்சு கருகிப்போகும். மெதுவா உருகினா பல இலை பிழைக்கும். அதனால மென்மையான செடிக்கு காலையில கொஞ்சம் பிந்தி, எட்டரை ஒன்பதுக்கு வெயில் வர்ற இடம் பாருங்க.

மழையும் எல்லா மலைக்கும் ஒண்ணு இல்ல. ஹட்டன், பொகவந்தலாவைப் பக்கம் வைகாசியில இருந்து புரட்டாசி வரைக்கும் தென்மேற்கு மழை அடிச்சு ஊத்தும், அதே நேரம் பண்டாரவளை, வெலிமடைப் பக்கம் காய்ஞ்ச காத்து இலையைக் கிழிக்கும், அவங்களுக்கு மழை ஐப்பசிக்குப் பிறகுதான். நுவரெலியா நடுவுல மாட்டிக்கிட்டு ரெண்டையும் வாங்கிக்கும். ஒரு பக்கத்துக்காரர் சொல்ற மாசக்கணக்கு மற்றப் பக்கத்துக்குச் சரிவராது, கீழ நான் சொல்ற மாசமெல்லாம் நுவரெலியாவை வச்சுத்தான்.

2. செடியை மூணு கூட்டமாப் பிரிங்க

கடையில பேரைக் கேக்குறதுக்கு முன்னால "இது எந்தக் கூட்டம்"னு கேளுங்க.

முதல் கூட்டம் நம்ம குளிரை விரும்புறது. சிம்பிடியம் ஓர்க்கிட், ஃபுக்‌ஷியா, ஹைட்ரேஞ்சியா, கல்லா லில்லி, அகபாந்தஸ், கிழங்கு பிகோனியா, மரத்தக்காளி. இதெல்லாம் கொழும்புல வச்சா திணறும், இங்க சும்மா நிக்கும். புதுசா ஆரம்பிக்கிறவங்க இதுல ஆரம்பிங்க. சிம்பிடியத்துக்கு பூக்குருத்து வர ராத்திரி 10ல இருந்து 14 டிகிரி வரைக்கும் இறங்கணும், அதை நம்ம மலை காசு வாங்காம குடுக்குது. ஆனா ஒரு அக்கா அதை பாவமேன்னு மூணு வருஷம் ஹோலுக்குள்ள டீவிக்குப் பக்கத்துல வச்சிருந்தாங்க, இலை மட்டும் வளர்ந்துச்சு. வெளிய இஸ்தோப்புல வைக்கச் சொன்னேன், அடுத்த வருஷம் ரெண்டு குருத்து வந்துச்சு.

ரெண்டாவது கூட்டம் உயிரோட இருக்கும், ஆனா உதவி வேணும். வாழை, கானா, பேர்ட் ஒஃப் பரடைஸ், கள்ளியும் சதைப்பிடிப்பான இலைச் செடிகளும். வாழை 14 டிகிரிக்குக் கீழ போனா வளர்றதை நிறுத்திரும், உறைபனி பட்டா இலை கருகும், ஆனா தண்டும் கிழங்கும் தப்பிச்சிரும். குலை எதிர்பார்க்காம அழகுக்கு வைக்கிறதுன்னா சரி.

மூணாவது கூட்டம் கூரையோ பொலித்தீன் டனலோ இல்லாம வேணாம். அந்தூரியம், ஃபெலனோப்சிஸ் ஓர்க்கிட், கலேடியம், குரோட்டன், ஹெலிகோனியால முக்கால்வாசி, அடீனியம். ராத்திரி 15க்குக் கீழ போய்க்கிட்டே இருந்தா இதுங்க வேர் வேலை செய்யாது, வேர் வேலை செய்யாதப்ப நீங்க ஊத்துற தண்ணி அப்பிடியே நிக்கும், பிறகு என்ன நடக்கும்னு சொல்லத் தேவையில்ல. நுவரெலியாவுல ராத்திரி பெரும்பாலும் 15க்குக் கீழதான். இந்தக் கூட்டத்துல ஒண்ணு ரெண்டுக்கு மேல வாங்காதீங்க, உங்களுக்கு இருக்கிறது ஒரு ஜன்னல்தானே.

3. தண்ணி வடியிற வழி

இந்தப் பகுதியை ரெண்டு தடவை வாசிங்க. மற்றதெல்லாம் தப்பினாலும் இது சரியா இருந்தா செடி சமாளிச்சிரும்.

முதல்ல ஒரு சோதனை. செடி வைக்கப்போற இடத்துல ஒரு அடி ஆழம் ஒரு அடி அகலத்துல குழி தோண்டி தண்ணி நிறைக்கணும், அது இறங்கினதும் திரும்பவும் நிறைச்சு நேரத்தைப் பாருங்க. ரெண்டாவது தடவை ஊத்தினது மூணு நாலு மணித்தியாலத்துல இறங்கிச்சுன்னா நல்ல இடம். அடுத்த நாள் காலையிலயும் தண்ணி நிக்குதுன்னா அங்க குழி வெட்டி நடவே கூடாது.

ஏன்னா களி கூடின மண்ணுல குழி வெட்டி அதுக்குள்ள மட்டும் நல்ல பொலபொலப்பான மண் போட்டா, அந்தக் குழி ஒரு சட்டி மாதிரி ஆயிரும், அடியில ஓட்டையில்லாத சட்டி. சுத்தி உள்ள தண்ணி எல்லாம் பொலபொலப்பான இடத்தைத் தேடி அதுக்குள்ளதான் வந்து நிறையும். "நான் நல்ல மண்ணு, கொம்போஸ்ட் எல்லாம் போட்டுத்தானே நட்டேன்"னு சொல்றவங்க எல்லாருக்கும் நடந்தது இதுதான், அவங்க நல்லது செஞ்சதாலதான் செடி செத்துச்சு.

அதனால கீழ தோண்டாதீங்க, மேல ஏத்துங்க. எட்டு இன்ச்சுல இருந்து ஒரு அடி உயரத்துக்கு மேட்டுப்பாத்தி கட்டுங்க, ஓரத்துக்கு கல்லு, பழைய பலகை எதுவும் சரி. அதுக்கு முன்னால அடி மண்ணை முள்ளால குத்தி இளக்கி விடணும், வெட்டிப் புரட்ட வேணாம். மேட்டுப்பாத்திக்கு மேல் பக்கத்துல சரிவுக்குக் குறுக்க ஒரு சின்னக் கான் (வாய்க்கால்) வெட்டி தண்ணியைப் பக்கத்துக்குத் திருப்பி விடுங்க. தோட்டத்துல தேயிலை மலையில கான் எப்பிடி வெட்டியிருக்காங்கன்னு பார்த்தவங்களுக்கு நான் சொல்லிக்குடுக்க வேண்டியதில்ல, அதே வேலைதான், அளவு சின்னது. கானை நேர கீழ்நோக்கி வெட்டினா மண்ணையே அள்ளிட்டுப் போயிரும், கொஞ்சம் சாய்வா வெட்டணும்.

சட்டியில வைக்கிறவங்களுக்கு: அடியில கல்லு, செங்கல் துண்டு ஒரு அடுக்கு போட்டா தண்ணி வடியும்னு சொல்லிச் சொல்லியே வளர்ந்துட்டோம். உண்மையில அது வடியிறதைக் கூட்டாது, ஈரம் தங்குற பகுதியை இன்னும் மேல, வேருக்குக் கிட்ட தூக்கி விட்டுரும். ஓட்டையை ஒரு வலைத்துண்டால மூடிட்டு முழுச்சட்டியும் ஒரே கலவை போடுங்க. அதோட சட்டியைத் தரையில வைக்காம மூணு செங்கல் துண்டு மேல வைங்க, இது சின்ன விஷயம்தான், ஆனா ஓட்டை தரையில ஒட்டி அடைச்சுப்போய் செத்த செடியை நான் நிறையப் பார்த்திருக்கேன். பெரிய சட்டியில சின்னச் செடி வைக்கிறதும் பிழை, வேர் போகாத மண்ணு குளிர்ல கிழமைக்கணக்குல ஈரமா கிடக்கும். வேர்ப்பந்தைவிட ஒரு ரெண்டு இன்ச் அகலம் போதும்.

4. மண் கலவை

நம்ம மலை மண்ணு புளிப்பு மண்ணு, தேயிலை நின்ன இடத்துல பீஎச் 4.5ல இருந்து 5.5 வரைக்கும் இருக்கிறது சாதாரணம். ஹைட்ரேஞ்சியாவுக்கு இது கொண்டாட்டம், நீலமாப் பூக்கும். ரோசாப்பூ நிறம் வேணும்னு டொலமைட் (புளிப்பைக் குறைக்கிற சுண்ணாம்புக்கல் தூள்) போட்டா மாசக்கணக்குல மெதுவா மாறும். பொதுவா வெளியூர்ச் செடிக்கு டொலமைட் ஒரு பிடி போதும், தேயிலைக்குப் போடுற மாதிரி வாரி இறைக்காதீங்க.

சாதாரண இலைச்செடிக்கு மேல்மண் ரெண்டு பங்கு, கொம்போஸ்ட் ஒரு பங்கு, தடிச்ச மணலோ பொடியா உடைச்ச செங்கலோ ஒரு பங்கு. கள்ளிக்கு இதுல கொம்போஸ்ட்டைப் பாதியாக்கி மணலை ரெண்டு மடங்காக்கணும். தும்புத்தூள் சேர்க்கிறதுன்னா ரெண்டு மூணு தடவை நல்ல தண்ணியில அலசிப் பிழியணும், அதுல உப்பு இருக்கும், நுனி கருகிறது பல தடவை அதாலதான். கீழ்ப்பக்கம் வெயில் ஊர்ல தும்புத்தூள் தண்ணி பிடிச்சு வைக்கிறது நல்லது, இங்க அதே குணம்தான் எதிரி, கால் பங்குக்கு மேல போடாதீங்க.

ஓர்க்கிட்டுக்கு மண்ணே வேணாம், கரித்துண்டும் செங்கல் துண்டும். தேங்கா மட்டைத் துண்டு போடச் சொல்லுவாங்க, நம்ம ஈரத்துல அது ஒரு வருஷத்துல சொதசொதன்னு அழுகி வேரையும் சேர்த்து அழுக வைக்கும். சிம்பிடியத்துக்கு மட்டும் கொஞ்சம் ஈரம் பிடிக்கிற மாதிரி கரியோட கொம்போஸ்ட் ஒரு கைப்பிடி கலக்கலாம்.

5. எப்ப வாங்குறது, எப்பிடி வாங்குறது

மாசிக் கடைசி, பங்குனி. உறைபனி முடிஞ்சிருக்கும், பகல் சூடா இருக்கும், பெரிய மழைக்கு ரெண்டு மாசத்துக்கு மேல இருக்கும், அந்த ரெண்டு மாசத்துல வேர் பிடிச்சிரும். ஆனா நம்ம ஆளுங்க வாங்குறது ஏப்ரல் சீசன்ல, பூக்கண்காட்சி பார்த்துட்டு வர்ற வழியில. அப்ப வாங்கினா பரவாயில்ல, கொஞ்சம் அவசரமா வேலையை முடிக்கணும். ஆனி, ஆடியிலயும் மார்கழியிலயும் மூணாவது கூட்டத்துச் செடி எதுவும் வாங்கவே வாங்காதீங்க, சும்மா குடுத்தாலும் அடுத்த பங்குனிக்கு வாறேன்னு சொல்லுங்க.

பூ நிறைஞ்ச செடியைப் பார்த்து மயங்க வேணாம். சட்டியோட அடியைத் தூக்கி ஓட்டை வழியா வேரைப் பாருங்க, வெள்ளையா, கெட்டியா இருக்கணும், பழுப்பா மெதுமெதுன்னு இருந்தா வச்சிட்டு வாங்க. மூக்குக்கிட்ட கொண்டு போய் மணந்து பாருங்க, கடைக்காரர் ஒரு மாதிரிப் பார்ப்பார், பார்க்கட்டும். அழுகின வேர் நாத்தம் மறைக்க முடியாதது.

கண்டி, கம்பஹாப் பக்கம் நர்சரியில இருந்து கொண்டு வர்ற செடியை வந்த அன்னைக்கே வெளிய வைக்கக் கூடாது. முதல் கிழமை வீட்டுக்குள்ள வெளிச்சமான இடம், ரெண்டாவது கிழமை பகல்ல இஸ்தோப்பு, ராத்திரி உள்ள, மூணாவது கிழமை ராத்திரியும் இஸ்தோப்பு, பிறகுதான் தோட்டம். 30 டிகிரியில வளர்ந்த இலை மெல்லிசா, தண்ணி நிறைஞ்சு இருக்கும், அது கெட்டியாக நாள் வேணும். இந்த மூணு கிழமையும் மற்றச் செடிகளுக்குக் கிட்ட வைக்காதீங்க, மாவுப்பூச்சி ஏதாச்சும் கூட வந்திருந்தா இங்கயே தெரிஞ்சிரும். பூ இருந்தா வெட்டி குவளையில வச்சிருங்க. மனசு வராது, தெரியும். பூவைக் காப்பாத்துற தெம்பு வேருக்குப் போகட்டும்.

வெளிநாட்டுல இருக்கிற சொந்தக்காரங்க கிழங்கு, தண்டு, விதை பேக்குல போட்டுக்கிட்டு வர்றது இப்ப நிறைய நடக்குது. 1999ஆம் ஆண்டு 35ஆம் இலக்க தாவரப் பாதுகாப்புச் சட்டப்படி இறக்குமதி அனுமதியும் அந்த நாட்டுத் தாவர சுகாதாரச் சான்றிதழும் வேணும், இல்லன்னா கட்டுநாயக்காவுலயே எடுத்துருவாங்க. சட்டத்தை விடுங்க, ஒரு கிழங்கோட வர்ற புழு பக்கத்துக் காணி உருளைக்கிழங்கை நாசமாக்கினா யார் பதில் சொல்றது. காட்டுல இருந்து ஓர்க்கிட், மரப்பன்னம் தோண்டிக்கிட்டு வர்றதும் வேணாம், நம்ம நாட்டு ஓர்க்கிட் பல இனம் சட்டத்தால பாதுகாக்கப்பட்டது, எடுத்தாலும் வீட்டுல பிழைக்கிறது அபூர்வம்.

6. நடுறது

முதல் நாளே செடிக்குத் தண்ணி ஊத்தி வைங்க, காய்ஞ்ச வேர்ப்பந்து ஈர மண்ணுக்குள்ள போனாலும் உள்ள காய்ஞ்சே கிடக்கும். சட்டியில எந்த மட்டத்துல இருந்துச்சோ அதைவிட ஒரு விரல் உயரத்துல நடுங்க, கொஞ்ச நாள்ல மண்ணு இறங்கி சரியாகும். தண்டை மண்ணால மூடினா மூடின இடத்துல அழுகல் தொடங்கும். அந்தூரியம் மாதிரி தண்டுல மேல வேர் விடுறது விதிவிலக்கு, அதுக்குக்கூட மண்ணு வேணாம், பாசி சுத்துங்க.

வாழை, பேர்ட் ஒஃப் பரடைஸ் மாதிரி பெரிய இலைக்காரங்களுக்கு நட்ட அன்னைக்கே முட்டுக்கம்பு. பிறகு குத்தினா வேரைக் கிழிக்கும். செடி அடியில மானாப்புல்லோ காய்ஞ்ச சவுக்கு இலையோ ரெண்டு இன்ச் மூடாக்குப் போடுங்க, ஆனா தண்டுல இருந்து ஒரு சாண் தள்ளி. தண்டோட ஒட்டிப் போட்டா ஈரத்துக்கும் நத்தைக்கும் கூடு கட்டிக் குடுத்த மாதிரி.

7. மழைக்குக் கூரை, தண்ணிக்குக் கை

ஷேட் நெட் போட்டா மழைக்குப் பாதுகாப்புன்னு நினைக்கிறவங்க இருக்காங்க. ஷேட் நெட் மழையை நிறுத்தாது, வெயிலைத்தான் குறைக்கும், அதுவும் மூணு மாசம் மூடுபனியா இருக்கிற ஊர்ல வெயிலையும் குறைச்சா என்ன மிச்சம். கள்ளிக்கும் ஓர்க்கிட்டுக்கும் வேணும்னா தெளிவான யூவி பொலித்தீன், ஏழு எட்டு அடி உயரத்துல, ஒரு பக்கம் சாய்வா, நாலு பக்கமும் திறந்து. பக்கத்தை மூடினா உள்ள வேர்த்து இலையெல்லாம் ஈரமாகி சாம்பல் பூஞ்சணம் பிடிக்கும். சாய்வு போதாட்டி நடுவுல தண்ணி தேங்கி ஒரு நாள் ராத்திரி மொத்தமும் செடி மேல விழும், எனக்கு அப்பிடித்தான் பதினாலு சட்டி போச்சு.

தண்ணி ஊத்துறதுக்கு நாள்கணக்கு வேணாம். விரலை ரெண்டு கட்டை உள்ள விட்டுப் பாருங்க, ஈரம் தெரிஞ்சா ஊத்தாதீங்க. சட்டியைத் தூக்கிப் பார்த்துப் பழகினா இன்னும் சுலபம், பாரத்துலயே தெரிஞ்சிரும். கள்ளிக்கு ஆனி ஆடியில ஒரு சொட்டும் வேணாம். ஊத்துற நேரம் காலையில, பின்னேரம் ஊத்தினா ராத்திரி முழுக்க ஈரத்துல குளிருது.

பெரிய பிழை இதுதான்: செடி வாடி நிக்குது, ஓடிப்போய் தண்ணி ஊத்துறது. வாடின செடியோட மண்ணு ஈரமா இருந்தா அது தாகத்துல வாடல, வேர் அழுகி தண்ணி எடுக்க முடியாம வாடுது. அப்ப ஊத்தினா முடிஞ்சுது. சட்டியில இருந்து எடுத்து அழுகின வேரைச் சுத்தமான கத்தியால வெட்டி, வெட்டின இடத்துல கரித்தூள் தடவி, புதுக் கலவையில சின்னச் சட்டிக்கு மாத்தி, இலையில பாதியைக் கழிச்சு நிழல்ல வைங்க. எல்லாம் பிழைக்காது.

8. உரம், பூச்சி

உரத்துக்கு அதிகம் சொல்ல ஒண்ணுமில்ல. செடி வளர்ற நேரம் மட்டும், அதாவது பங்குனியில இருந்து வைகாசி வரைக்கும், பிறகு மழை விட்டு ஆவணி புரட்டாசியில. பேக்கெட்ல போட்டிருக்கிற அளவுல பாதி, ரெண்டு கிழமைக்கு ஒருக்கா. ஐப்பசிக்குப் பிறகு யூரியா மாதிரி தழைச்சத்து உரம் போட்டா மென்மையான குருத்து வரும், தை உறைபனிக்கு அதுதான் முதல் பலி. மாட்டெரு நல்லா மக்கினதா இருக்கணும்.

பூச்சியில இங்க முதல் எதிரி நத்தை, ஓடு உள்ளதும் இல்லாததும். ராத்திரி எட்டு மணிக்கு டோர்ச் எடுத்துக்கிட்டு நாலு நாள் தொடர்ந்து பொறுக்கினாலே பாதி குறையும். மாவுப்பூச்சிக்கு சோப்புத் தண்ணியும் பழைய டூத் பிரஷ்ஷும். அந்தூரியம் இலை ஓரத்துல மஞ்சள் வளையத்தோட கறுப்பு ஈரப்புள்ளி பரவுச்சுன்னா அது பக்டீரியா நோயா இருக்கலாம், மருந்து தேடாம செடியைப் பிடுங்கி எரிச்சிருங்க, கத்தியையும் கழுவுங்க.

9. வேணாம்னு சொல்ற சில செடி

சில வெளியூர்ச் செடிக்கு நம்ம குளிர் ரொம்பவே பிடிச்சுப்போயிரும். கஹிலி இஞ்சி, மஞ்சள் பூவும் சிவப்பு இழையும் நல்ல வாசமுமா இருக்கும், குருவி விதையைக் கொண்டு போய் காட்டுல போட்டு அங்க கிழங்கு தரையையே மூடிரும். ஹோர்ட்டன் சமவெளியில கோர்ஸ் முள்ளுப்பத்தை பரவி இன்னும் பிடுங்கிக்கிட்டு இருக்காங்க. ஏற்கனவே கஹிலி இஞ்சி வச்சிருந்தா பூ வாடினதும் காய் பிடிக்க முன்னால தண்டை வெட்டிருங்க, முடிஞ்சா கிழங்கோட எடுத்துருங்க. தலைகீழாத் தொங்குற பெரிய எக்காளப்பூச் செடி, புருக்மான்சியா, எல்லாப் பாகமும் விஷம். சின்னப் பிள்ளைகள், ஆடு மாடு உள்ள வீட்டுக்கு அது தேவையில்ல.

10. உறைபனி ராத்திரி

மார்கழிக் கடைசியில இருந்து மாசி வரைக்கும் கவனம். எல்லா ராத்திரியும் பயப்பட வேணாம், அடையாளம் இருக்கு: பகல்ல நீல வானம், பின்னேரம் மேகம் ஒண்ணும் இல்ல, காத்து சுத்தமா நின்னுபோச்சு, ஆறு மணிக்கே காது விறைக்குது, நட்சத்திரம் பளிச்சுன்னு தெரியுது. மேகமோ மூடுபனியோ இருந்தா அது கம்பளி மாதிரி, தரைச்சூட்டை வெளிய விடாது. காத்து அடிச்சா மேல உள்ள சூட்டுக்காத்து கீழ கலந்துரும். ரெண்டும் இல்லாத அன்னைக்குத்தான் தேயிலைக் கொழுந்தே கருகிப்போற உறைபனி.

அப்பிடி ஒரு நாள் தெரிஞ்சா பகல் பன்னிரண்டுக்கு முன்னால தரையில நட்ட செடியோட மண்ணை நனைச்சு விடுங்க, இலையை இல்ல. ஈர மண்ணு பகல் சூட்டைக் கூடுதலாப் பிடிச்சு ராத்திரி மெதுவா விடும். "இவ்வளவு நேரம் ஈரம் வேணாம்னு சொல்லிட்டு இப்ப நனைக்கச் சொல்றீங்களே"ன்னு கேட்கலாம், ஆனா தை மாசம் மண்ணு பெரும்பாலும் காய்ஞ்சுதான் இருக்கும், மேட்டுப்பாத்தியும் கட்டியிருக்கீங்க, ஒரு நாள் நனைச்சா ஒண்ணும் ஆகாது. கள்ளிக்கு மட்டும் இது வேணாம். தையில மூடாக்கையும் கொஞ்சம் விலக்கி விடுங்க, புல்லு மூடியிருந்தா சூடு மண்ணுக்குள்ளயும் போகாது, வெளியயும் வராது.

பிறகு சட்டிச் செடி எல்லாம் சுவரோரம். நகர்த்த முடியாததுக்கு நாலு மூங்கில் குத்தி அது மேல உர பேக்கையோ பழைய துணியையோ தரை வரைக்கும் தொங்க விடுங்க, பின்னேரம் அஞ்சரைக்குள்ள, தரையில சூடு இருக்கும்போதே. மூடுறது சூட்டைப் பிடிச்சு வைக்கத்தான், ஒன்பது மணிக்கு மூடினா பிடிக்க ஒண்ணும் இருக்காது. துணி இலையில படக்கூடாது, பொலித்தீன் சுத்தமாப் படக்கூடாது, பட்ட இடமெல்லாம் அடுத்த நாள் வெந்த மாதிரி ஆயிரும். பக்கத்து வீட்டு மாமா ஒருத்தர் பொலித்தீனை இலையோட சுத்திக் கட்டிட்டு "மூடினேனே, ஏன் கருகிச்சு"ன்னு என்னைக் கேட்டார். வெயில் ஏறினதும் எல்லாத்தையும் எடுத்துருங்க, மறந்தா உள்ள வேகும்.

வாழைக்கு மார்கழியிலயே தண்டைச் சுத்தி காய்ஞ்ச மானாப்புல் ஒரு சாண் கனத்துக்கு வச்சு உர பேக்கால கட்டிருங்க, உச்சிக் குருத்துக்கு மேலயும் ஒரு தொப்பி மாதிரி. இலை போனாப் போகட்டும்.

11. கருகினதுக்கு அப்புறம்

காலையில எழும்பிப் பார்த்தா இலையெல்லாம் கறுத்து தொங்கும், உடனே கத்தி எடுக்கத் தோணும். எடுக்காதீங்க. கருகின இலை அசிங்கமா இருந்தாலும் அடுத்த உறைபனிக்கு அதுக்குக் கீழ உள்ள மொட்டுக்குப் போர்வை, தையில வெட்டினா வெட்டின இடத்துல இருந்து புதுக்குருத்து வந்து மாசியில அதுவும் போகும். உரமும் போடாதீங்க.

பங்குனி முதல் கிழமை நகத்தால தண்டை லேசா சுரண்டிப் பாருங்க. உள்ள பச்சை தெரியிற இடம் வரைக்கும் மேல உள்ளதைக் கவ்வாத்துப் பண்ணுங்க, கத்தியைச் சாய்வா வச்சு, வெட்டின இடத்துல தண்ணி நிக்காத மாதிரி. அடி வரைக்கும் பழுப்பா இருந்தாலும் பிடுங்கிப் போடாம ஆனி வரைக்கும் விட்டு வைங்க, ஃபுக்‌ஷியாவும் கானாவும் வேருல இருந்து திரும்ப வரும். வாழைக்கு கட்டை அவிழ்த்து மேல மெதுமெதுன்னு அழுகினதை ஒவ்வொரு இன்ச்சா வட்டமா வெட்டிக்கிட்டே வாங்க, நடுவுல வெள்ளையா கெட்டியா ஒரு வட்டம் தெரிஞ்சதும் நிறுத்திருங்க. சில நாள்ல அந்த வெள்ளை வட்டத்துல இருந்து சுருட்டின பச்சை இலை ஒண்ணு மேல தள்ளிக்கிட்டு வரும், அதுக்குப் பிறகு முதல் உரம்.